அக்கூஸ்டிக் கிட்டாருக்கு முதல் மல்டிட்ராக் ரெக்கார்டர்: பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

மல்டிட்ராக் ரெக்கார்டர் என்பது கிட்டார், குரல் என ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ராக்கில் பதிந்து, பிறகு கலக்கிற பெட்டி. அது வேண்டும் என்று கடையில் கேட்டால் முதலில் காதில் விழுவது ட்ராக் எண்ணிக்கைதான். எட்டு ட்ராக், பதினாறு ட்ராக், முப்பத்திரண்டு ட்ராக் என்று அடுக்குவார்கள். வீட்டில் அக்கூஸ்டிக் கிட்டாரைப் பதிவு செய்யப் போகிறவர் அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் பெட்டியைத் திருப்பி, ஒலி உள்ளே நுழையும் வழிகளைப் பாருங்கள். மைக் செருக எத்தனை இடம் இருக்கிறது, அவை எந்த வகை, ஒரே நேரத்தில் எத்தனை பதிவாகும், மைக்குக்கு மின்சாரம் கிடைக்குமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

எலக்ட்ரிக் கிட்டார்காரருக்கு இவ்வளவு கவலை இல்லை. கேபிளைச் செருகினால் வலுவான சிக்னல் வந்துவிடும், இல்லையென்றால் சத்தமான ஆம்ப் முன்னால் எந்த மைக்கை வைத்தாலும் போதும். அக்கூஸ்டிக் கிட்டார் காற்றில் மட்டும் ஒலிக்கிற வாத்தியம். விரலால் மெதுவாக மீட்டும்போது ஒரு அடி தூரத்தில் அது சாதாரணப் பேச்சுச் சத்தத்தைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த மெல்லிய ஒலியை உஸ்ஸென்ற இரைச்சல் இல்லாமல் பெரிதாக்க முடிகிற கருவிதான் உங்களுக்குத் தேவை.

ட்ராக் வேறு, இன்புட் வேறு

விளம்பரத்தில் வரும் எண், ஒரே நேரத்தில் எத்தனை ட்ராக் ஒலிக்கும் என்பதைச் சொல்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை பதிவாகும் என்பது தனிக் கணக்கு. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் எட்டு ட்ராக் கருவி, ஆனால் ஒரு தடவையில் இரண்டு மட்டுமே பதிவாகும். ஜூம் ஆர்8, ஆர்12 இரண்டும் அப்படித்தான். ஜூம் ஆர்20-இல் பதினாறு ட்ராக், ஒரே நேரத்தில் எட்டு. டாஸ்காம் டிபி-24எஸ்டியில் இருபத்துநான்கு ட்ராக், அதிலும் ஒரே நேரத்தில் எட்டு.

தனியாக வாசிக்கிறவருக்கு இரண்டு இன்புட் போதும். ஒன்றில் கிட்டார், ஒன்றில் குரல். அல்லது கிட்டாரை மட்டும் இரண்டு மைக்கில் பதிந்துவிட்டு, குரலை அடுத்த சுற்றில் சேர்க்கலாம். வாசித்துக்கொண்டே பாடவும் வேண்டும், கிட்டாருக்கு இரண்டு மைக்கும் வேண்டும் என்றால் மூன்று இன்புட் ஆகிறது. அதற்காக எட்டு இன்புட் பெட்டிக்குப் போகும் முன் ஒன்றை யோசியுங்கள். பாடிக்கொண்டே வாசித்தால் குரல் கிட்டார் மைக்கிலும், கிட்டார் குரல் மைக்கிலும் புகும். பிறகு ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். முதல் கருவியில் தனித்தனியாகப் பதிந்து பழகுவதே நல்லது. கஹோனோ கஞ்சிராவோ வாசிக்கும் நண்பரோடு சேர்ந்து ஒரே மூச்சில் பதிவதுதான் உங்கள் வழக்கம் என்றால் மட்டும் நான்குக்கு மேற்பட்ட இன்புட்டுக்குப் பணம் செலவழியுங்கள்.

எத்தனை ட்ராக் வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கிட்டாருக்கு 2, பிரதானக் குரலுக்கு 1, துணைக்குரலுக்கு 2, பேஸ் கிட்டாருக்கு 1, ஷேக்கருக்கோ கஞ்சிராவுக்கோ 1. மொத்தம் 7. எட்டு ட்ராக்கில் அடங்கிவிடுகிறது.

நான்கு ட்ராக் போதாதா என்றால், போதும். டியாக் நிறுவனம் 1979-இல் போர்ட்டாஸ்டுடியோ 144-ஐக் கொண்டுவந்தபோது இருந்தது நான்கே ட்ராக்தான். சாதாரண கேசட்டையே இரு மடங்கு வேகத்தில் ஓட்டி, நான்கு ட்ராக்கையும் ஒரே திசையில் எழுதியது அது. மூன்று ட்ராக் நிறைந்ததும் அவற்றைக் கலந்து நான்காவதில் எழுதிவிட்டு, பழைய மூன்றையும் காலி செய்து மேலே போவார்கள். பவுன்ஸ் என்பது இதுதான். கேசட்டில் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் இரைச்சல் ஏறும். இன்றைய டிஜிட்டல் கருவியில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் இன்னொன்று மாறவில்லை: கலந்த பிறகு கிட்டாரை மட்டும் தனியாகக் குறைக்க வழியில்லை. அதனால் பவுன்ஸ் செய்யும் முன் பாட்டை முழுதாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ரிவெர்பை (எதிரொலி போன்ற விளைவை) அப்போது சேர்க்காதீர்கள். ஜூம் ஆர்4 இந்த வழியையே மையமாக வைத்து வந்த சிறிய கருவி: நான்கு ட்ராக், கூடவே பவுன்ஸுக்கென்று தனி ட்ராக்.

48 வோல்ட் ஏன் முக்கியம்

எக்ஸ்எல்ஆர் சாக்கெட் (மூன்று முனை மைக் சாக்கெட்), அதில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்). அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இந்த இரண்டும் இல்லாத கருவியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதன்மைக் கருவியாக வாங்க வேண்டாம். டாஸ்காம் டிபி-006 போன்ற கையடக்கக் கருவியில் உள்ளே மைக் இருக்கும், கால் அங்குல ஜாக் இருக்கும், எக்ஸ்எல்ஆர் இருக்காது. தோன்றிய மெட்டை மறப்பதற்குள் பிடித்துவைக்க அது அருமையான துணை. ஆனால் உள் மைக்கில் பதிவதென்றால், பெட்டியைக் கிட்டாருக்கு எதிரே சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும், பட்டனும் கைக்கு எட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. பட்டன் அழுத்தும் டக் ஓசையும் பாட்டின் தொடக்கத்தில் பதிந்துவிடும்.

48 வோல்ட் எதற்கென்றால், மின்சாரம் இருந்தால்தான் இயங்கும் கண்டென்சர் மைக்குக்கு. எல்லோருக்கும் தெரிந்த டைனமிக் மைக்கான ஷுர் எஸ்எம்57, ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஏறக்குறைய 1.6 மில்லிவோல்ட் தருகிறது. சிறிய டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் சவ்வு) கொண்ட கண்டென்சரான ரோட் என்டி5 அதே ஒலிக்கு 12 மில்லிவோல்ட் தருகிறது. ஏழு மடங்குக்கு மேல், அதாவது சுமார் 17 டெசிபல் வித்தியாசம். எஸ்எம்57-ஐ மெல்லிய விரல் மீட்டலுக்கு முன் வைத்தால் கெயினை (மைக் ஒலியைப் பெரிதாக்கும் குமிழை) ஏறக்குறைய முழுதாகத் திருப்ப வேண்டிவரும். மலிவான கருவிகளின் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) அந்தக் கடைசிச் சுற்றில்தான் இரையத் தொடங்கும். கண்டென்சரில் அந்தக் கடைசிச் சுற்றுக்குப் போகவே தேவையில்லை. அடித்து வாசிக்கும் ஸ்ட்ரம்மிங்குக்கு எஸ்எம்57 நன்றாகவே சமாளிக்கும். உங்கள் வாசிப்பு எந்த வகை என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ப்ரீஆம்ப் இரைச்சலை விவரப்பட்டியலில் ஈஐஎன் என்று போட்டிருப்பார்கள். மைனஸ் 125 டெசிபலோ அதைவிடக் கீழோ இருந்தால் நல்லது. மைனஸ் 120-ஐ ஒட்டி இருந்தால் மெல்லிய வாசிப்பில் இரைச்சல் காதுக்குத் தெரியும். அந்த விவரமே போடாத நிறுவனங்களும் உண்டு. அப்போது கடையில் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

32-பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறை இப்போது பெரிதாகப் பேசப்படுகிறது. கெயின் தவறாக இருந்தாலும் ஒலி உடையாது, பிறகு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பது உண்மையே. தனியாகப் பதிகிறவருக்கு அது நிம்மதி. ஆனால் இரைச்சல் பிடித்த மைக்கையோ தவறான இடத்தில் வைத்த மைக்கையோ அது காப்பாற்றாது. 24-பிட் கருவியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி வரும்படி கெயினை வைத்தால் அதே பலன் கிடைக்கும். 16-பிட் கருவியாக இருந்தால் மைனஸ் 6 வரை போகலாம்.

கிட்டாரில் பிக்-அப் இருந்தால்

கிட்டாரின் பக்கவாட்டில் வால்யூம் குமிழும் பேட்டரியும் இருந்தால் உள்ளே ப்ரீஆம்ப் இருக்கிறது. அதை எந்த லைன் இன்புட்டிலும் செருகலாம். பேட்டரி இல்லாத பீஸோ பிக்-அப் என்றால் ஹை-இசட் (அதிக மின்தடை) என்று குறித்த இன்புட் கட்டாயம். பீஸோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சிறு கெபாசிட்டர். 10 கிலோஓம் லைன் இன்புட்டோடு சேரும்போது அதுவே கீழ்ச்சுரங்களை வெட்டும் ஃபில்டராகிவிடும். கிட்டார் கொசு ரீங்காரம் போல மெலிந்து கேட்பதற்கு இதுவே காரணம், பிக்-அப் கெட்டுவிடவில்லை. 1 மெகாஓம் உள்ள ஹை-இசட் இன்புட்டில் பேஸ் திரும்பி வரும். பல கருவிகளில் இந்த வசதி ஒரே ஒரு இன்புட்டில்தான் இருக்கும், அதற்கும் ஒரு ஸ்விட்ச் போட வேண்டியிருக்கும்.

எப்படியானாலும் பிக்-அப்பை மட்டும் நம்பிப் பதியாதீர்கள். மேடையில் அது வரம். அமைதியான அறையில் மைக் தரும் மரத்தின் ஒலியை அது தராது.

லேப்டாப் இருக்கிறதே?

நல்ல லேப்டாப் கையில் இருந்தால், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்றை வாங்கிச் செருகுவது பெரும்பாலும் செலவு குறைவு. திருத்துவதும் எளிது. தனிப் பெட்டியின் பலம் வேறு: மைக் பக்கத்தில் இரையும் விசிறி இல்லை, ஹெட்ஃபோனில் தாமதம் இல்லை, டிரைவர் தொல்லை இல்லை, ஸ்விட்ச் போட்டால் சிறிது நேரத்தில் பதிவுக்குத் தயார். பதிந்ததைக் கணினியில் வைத்து அலை அலையாக வெட்டி ஒட்டுவதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தனிப் பெட்டி வேண்டாம். இரண்டும் வேண்டும் என்றால், யூஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸாகவும் இயங்கும் மாடலைத் தேடுங்கள். ஆர்8, ஆர்12, ஆர்20 அப்படிப்பட்டவை.

கடையில் இருபது நிமிடம்

உங்கள் கிட்டார், மூடிய வகை ஹெட்ஃபோன், ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், முடிந்தால் ஒரு கண்டென்சர் மைக், கருவி ஏற்கும் ஒரு மெமரி கார்டு, இவற்றோடு போங்கள்.

1. கார்டைக் கருவியிலேயே ஃபார்மட் செய்யுங்கள். எத்தனை மெனு தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். இங்கேயே எரிச்சல் வந்தால் வீட்டில் அது இரட்டிப்பாகும்.
2. மைக்கைச் செருகிய பிறகு, ஃபேடர் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) கீழே இருக்க, 48 வோல்ட்டைப் போடுங்கள். மைக் உயிர் பெற்றால் ஃபேன்டம் வேலை செய்கிறது.
3. யாரும் வாசிக்காமல், கெயினை உங்கள் வாசிப்புக்குத் தேவையான இடத்தில் வைத்து 30 விநாடி அமைதியைப் பதியுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டு, அதே அமர்வில் அடுத்த மாடலோடு ஒப்பிடுங்கள்.
4. ஒரு நிமிடம் வாசித்துப் பதியுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது ட்ராக்கில் இன்னொரு பகுதியைச் சேருங்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் பழையது அழியும் என்பது பார்த்ததும் புரிகிறதா?
5. நடுவில் இரண்டு மாத்திரையை மட்டும் மாற்றும் பஞ்ச்-இன்னைச் செய்து பாருங்கள். இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது இதைச் செய்ய ஃபுட்ஸ்விட்ச் ஜாக்கோ ஆட்டோ பஞ்ச்-இன்னோ வேண்டும். கிட்டார் வாசிப்பவருக்கு இது அத்தியாவசியம்.
6. பதிந்ததை வேவ் ஃபைலாக வெளியே எடுங்கள். சில கருவிகள் ட்ராக்குகளைத் தம் சொந்த வடிவத்தில் வைத்திருக்கும். எக்ஸ்போர்ட் செய்யாமல் கார்டைக் கணினியில் போட்டால் எதுவும் தெரியாது.

ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி ஃபேடரோ குமிழோ இருப்பது பெரிய சௌகரியம். மெனுவுக்குள் போய் வால்யூம் மாற்றுகிற கருவியில் மிக்ஸ் செய்வது அலுத்துவிடும்.

பழையது வாங்கினால்

ஃபேடரையும் குமிழ்களையும் ஒலி ஓடும்போதே அசைத்துப் பாருங்கள். கரகரத்தால் உள்ளே தூசி. கான்டாக்ட் க்ளீனரில் பெரும்பாலும் சரியாகும். ஜாக்கில் கேபிளை லேசாக ஆட்டும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் சோல்டர் விட்டிருக்கிறது. பட்டன் ஒரு தடவை அழுத்தி இரண்டு தடவை வேலை செய்தால் பேரம் பேசாமல் விலகிவிடுங்கள், ஏனென்றால் ரெக்கார்ட் பட்டனிலும் அதுவே நடக்கலாம்.

அடாப்டரில் கண்ணை வையுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகளோடு 100 வோல்ட் அடாப்டர் வரும். நம் 230 வோல்ட்டில் செருகினால் அது புகைந்துவிடும், கருவியையும் கூட்டிக்கொண்டு போகலாம். வேறு அடாப்டர் வாங்கும்போது வோல்ட், ஆம்பியர் மட்டும் பார்த்தால் போதாது. நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்று கருவியின் பின்னால் இருக்கும் சிறு வட்டப் படத்தோடு ஒப்பிடுங்கள். பாஸ் நிறுவனக் கருவிகளின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் பல சாதாரண அடாப்டர்கள் அதற்கு நேர் எதிர்.

கூடவே வாங்க வேண்டியவை

கையில் இருக்கும் பணம் முழுவதையும் ரெக்கார்டரில் போடாதீர்கள். பூம் உள்ள மைக் ஸ்டாண்டு, மூன்று மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள், மூடிய ஹெட்ஃபோன், ஒரு சிறிய டயாஃப்ரம் கண்டென்சர், இத்தனையும் தேவை. எட்டு ட்ராக் பெட்டியும் நல்ல மைக்கும், முப்பத்திரண்டு ட்ராக் பெட்டியும் உள் மைக்கும் கொடுப்பதைவிட நல்ல பதிவைக் கொடுக்கும்.

கார்டு கணக்கு எளிது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16-பிட்டில் ஒரு ட்ராக் ஒரு நிமிடத்துக்கு 5.3 எம்பி எடுக்கும். 24-பிட்டில் 8 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, எட்டு ட்ராக், 24-பிட் என்றால் சுமார் 320 எம்பி. 32 ஜிபி கார்டில் அப்படி நூறு பாட்டு வரை வைக்கலாம். பல கருவிகள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது. போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய, அதனால் பெயருள்ள கார்டை ரசீதோடு வாங்குங்கள்.

பேட்டரியில் ஓடும் கருவி என்றால் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டு செட் வையுங்கள். 48 வோல்ட் போட்டதும் பேட்டரி வேகமாகக் கரையும்.

முதல் பதிவு

கம்பிகளை முந்தின நாளே மாற்றுங்கள். அன்றே மாற்றினால் ஸ்ருதி நிற்காது, விரல் வழுக்கும் கீச்சொலியும் அதிகம். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் ஒலி தெறித்துத் திரும்பும். தரையில் ஜமக்காளமோ பாயோ விரியுங்கள், உங்களுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து விடுங்கள். அறையின் மூலையிலும் நட்டநடுவிலும் உட்காராதீர்கள்.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஃபேனின் காற்றைவிட அதன் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மோசம். பிக்-அப்பில் ர்ர்ர் என்று ஒரு ஓசை வந்தால் முதல் சந்தேகம் அதன்மீதும் விளக்கின் டிம்மர் மீதும் விழட்டும். உம்ம் என்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் போய்விட்டால் குற்றவாளி அடாப்டரோ எர்த் சரியில்லாத பிளக்போதான்.

மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே, 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, முனை கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பி வையுங்கள். புதிதாகப் பதிகிறவர்கள் கை தானாகப் போகும் இடம் ஒலித்துளை. அங்கேதான் கெடுகிறது. கிட்டாரின் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்வது. துளைக்கு எதிரே அது பொம்மென்று குவியும். ஜி சுரம் பக்கம் வாசிக்கும்போதெல்லாம் மீட்டர் தூக்கி அடிக்கும், மற்ற சுரங்கள் அமுங்கிவிடும். ஈக்யூவில் (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதியில்) இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. மைக்கை ஒரு சாண் கழுத்துப் பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, வேறொருவர் மைக்கை மெல்ல நகர்த்த நீங்கள் வாசித்துக்கொண்டே கேளுங்கள். இரண்டு விரல்கடை தூரத்தில் ஒலி மாறுவது தெரியும்.

இரண்டு மைக் வைத்தால், அவற்றின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் இருக்க, 90 டிகிரி கோணத்தில் விரியும்படி வையுங்கள். தள்ளித் தள்ளி வைத்தால் ஒரே ஒலி இரண்டு மைக்கையும் வேறு வேறு நேரத்தில் அடையும். 17 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் 1000 ஹெர்ட்ஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெட்ஃபோனில் விரிந்து அழகாகக் கேட்கும், ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால் உள்ளே காலியானது போல வெறுமையாக ஒலிக்கும். இரண்டு ட்ராக்கையும் இடம் வலமாக இல்லாமல் நடுவுக்குப் பான் செய்து (நகர்த்தி) கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

மெட்ரோனோமின் டிக் டிக் ஓசை ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் பதிவது அடிக்கடி நடக்கிறது. பாட்டு முடிந்து கடைசிச் சுரம் அடங்கும்போது பின்னால் டிக் கேட்கும். க்ளிக் ஒலியைக் கூர்மையில்லாத டிரம் ஓசைக்கு மாற்றுங்கள், வால்யூமைத் தாளம் தெரியும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.

கிட்டார் அகலமாகக் கேட்க வேண்டுமென்று ஒரே ட்ராக்கைப் பிரதி எடுத்து இடம் வலமாகப் போடுவதில் பயனில்லை. இரண்டும் ஒன்றே என்பதால் ஒலி நடுவிலேயே நிற்கும், சத்தம் மட்டும் கூடும். அதே பகுதியை இரண்டாவது தடவை வாசித்துப் பதிந்து, ஒன்றை முழுதாக இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். இரண்டாவதைக் கேபோ போட்டு வேறு கார்டு (சுரக்கூட்டு) வடிவங்களில் வாசித்தால் இன்னும் விரியும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் ஸ்ருதி பாருங்கள். இரட்டித்த ட்ராக்கில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும்.

மிக்ஸில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். சாதாரண ட்யூனிங்கில் ஆறாவது கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே இருப்பது தரை அதிர்வும் வண்டிச் சத்தமும். குரலோடு கிட்டார் மோதினால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக, ஈக்யூவும் ரிவெர்பும் இல்லாமல், எல்லாம் பூஜ்ஜிய நேரத்திலிருந்து தொடங்கும்படி எக்ஸ்போர்ட் செய்து கணினியிலும் இன்னொரு டிரைவிலும் வையுங்கள். அடுத்த பாட்டுக்குக் கார்டை ஃபார்மட் செய்வது அதன் பிறகுதான்.